மேட்டுக்கு ஏறாத பஸ்

மகன்,

உன் கலியாண அட்டைகள் வந்த நாளிலிருந்து சனிக்கிழமைகள் எல்லாம் இந்த லண்டனில் நமக்குக் காருக்குள்தான் கழிந்தன. தபாலில் அனுப்பினால் மரியாதைக் குறைவு, வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அதைவிட மோசம். மாப்பிள்ளையும் பெற்றவர்களும் வாசலில் போய் நின்று வாயால் சொன்னால்தான் நம் சனத்துக்கு அது அழைப்பு. ஆகவே நீ ஓட்ட, உன் அம்மா பக்கத்தில் இருந்து வழி சொல்ல, நான் பின்னால் அட்டைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு லூயிஷாம் போனோம், தேம்ஸ் ஆற்றைத் தாண்டிக் கிங்ஸ்பரி போனோம், நம் தோர்ண்டன் ஹீத்தில் தெருத் தெருவாகப் போனோம். போன வீடெல்லாம் தேத்தண்ணியும் கேக்கும். எனக்குச் சீனி கூடாது என்று டொக்டர் சொன்னது அம்மாவுக்கு நம் வீட்டுக்குள் மட்டும்தான் ஞாபகம் வருகிறது. போன மாதம் பெட்டி காலியானபோது என் கோட்டுப் பைக்குள் ஓர் அட்டை தனியாக இருப்பதைக் கண்டு, "அது ஆருக்கு, அப்பா?" என்று கேட்டாய். நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன். நீயும் விட்டுவிட்டாய். அந்தக் கேள்விக்குத்தான் இப்போது பதில் எழுதுகிறேன்.

இதை நம் கத்தோலிக்கப் பங்குக் கோயிலின் தமிழ் இதழில் போடச் சொல்லிக் கொடுக்கப்போகிறேன். "வீட்டுக் கதையை ஏன் ஊருக்குச் சொல்லுறியள்? பெடியனுக்குக் கலியாணம் நடக்கப்போகுது" என்று அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் வீட்டுக் கதையை முதலில் ஊருக்குச் சொன்னது நீதான், ராசா. என் நெற்றியில் இருக்கும் தழும்பை மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால் எடுத்து வைத்தாய். அங்கே இருந்தவர்கள் கதையில் ஒரு பாதியைத்தான் கேட்டார்கள். மற்றப் பாதியும் அதே ஆட்களின் காதில் விழவேண்டும் என்பதற்காகத்தான் இதை உன் கையில் தராமல் அச்சுக்குக் கொடுக்கிறேன். உனக்குக் கோபம் வரும். வரட்டும், எனக்கும் அன்று வந்தது.

கூட்டத்துக்கு வராதவர்களுக்காக ஒரு சொல். ஆஸ்பத்திரியில் புறப்பட்டு, ரெயில் நிலையத்தைத் தொட்டு, நம் கடைத்தெரு வழியாக வந்து, கடைசியில் மலை ஏறி மேட்டு எஸ்டேட்டில் போய் நிற்கும் ஒரு பஸ் இருக்கிறது. ஓய்வு பெறும்வரை நான் ஓட்டியது அந்த பஸ்ஸைத்தான். மேட்டு எஸ்டேட் என்பது நம் ஆட்கள் வைத்த பெயர். உச்சியில் வரிசையாக நிற்கும், நகரசபை வாடகைக்குக் கொடுக்கும் கவுன்சில் வீடுகள். அங்கே குடியிருப்பவர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவர்கள். ஜமெய்க்காவிலிருந்து வந்தவர்கள், கானாவிலிருந்தும் நைஜீரியாவிலிருந்தும் வந்தவர்கள், இங்கேயே பிறந்து வளர்ந்த அவர்களுடைய பிள்ளைகள். இனி இந்த பஸ் மேட்டுக்கு ஏறாமல் கடைத்தெருவோடு நின்றுவிடும் என்பதுதான் திட்டம். அந்தத் திட்டத்தைப் பற்றிச் சனத்திடம் கருத்துக் கேட்கப் பங்கு மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். பஸ் வழிகளைத் திட்டமிடும் அலுவலகத்தின் சார்பில் பேச வந்தவன் என் மகன்.

உண்மையைச் சொன்னால், நீ மேடையில் ஏறியபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கோட்டு உனக்கு நன்றாகப் பொருந்தியிருந்தது. முன் வரிசைகளில் நம் கடைக்காரர்கள் இருந்தார்கள். பின்னால் எஸ்டேட் சனம். நான் வழக்கம்போலப் பிந்தி வந்ததால் பின்வரிசையில், மேட்டு எஸ்டேட்டில் எனக்குப் பல வருடமாகப் பழக்கமான மிஸ் பெவர்லிக்குப் பக்கத்தில் காலியாக இருந்த கதிரையில் போய் இருந்தேன். நீ திரையில் படம் காட்டிப் பேசினாய். கடைசி மைல் முழுவதும் பஸ் வெறுமையாக ஓடுகிறது என்றாய். அப்போது முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போகும் சட்டையோடு ஒரு பெண் எழுந்து, "எப்பவும் ஏன் எங்கட பக்கத்தையே வெட்டுறியள்?" என்று கேட்டார். அவர் கேட்டது ஆங்கிலத்தில். எனக்கு ஆங்கிலம் காதில் விழும்போதே என் தமிழாக மாறிவிடுகிறது, அப்படியே எழுதுகிறேன். நீ கொஞ்சம் தண்ணீர் குடித்தாய். எண்ணிக்கை மட்டும் காரணமில்லை, சாரதிகளின் பாதுகாப்பும் இருக்கிறது என்றாய். அந்தக் கடைசித் தரிப்பில் ஒரு சாரதியை இரத்தம் வர அடித்தார்கள் என்றாய். "அந்தச் சாரதி என் அப்பா. இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார்" என்றாய்.

எல்லாத் தலைகளும் திரும்பின. கடைக்காரர்கள் எனக்காக இரக்கத்தோடு தலையாட்டினார்கள். மிஸ் பெவர்லி மட்டும் திரும்பவில்லை. அவர் மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடி விழுந்த அன்றைக்கு என் தலையைத் தாங்கிப் பிடித்தவை அந்தக் கைகள்தான். நான் எழுந்திருக்கவேண்டும். எழுந்து ஒரு வசனம் சொன்னால் போதும், மண்டபத்துக்கு விளங்கியிருக்கும். மகன் மேடையில் நிற்கும்போது அப்பன் எழுந்து மறுத்துப் பேசுவதா என்று ஒரு எண்ணம் வந்து வாயை அடைத்துவிட்டது. நம் ஆட்களுக்கு மட்டும் வரும் வியாதி அது: பிள்ளையின் முகம் வாடக்கூடாது என்பதற்காக மற்றவர்களின் முகத்தைப் பார்க்காமலே இருந்துவிடுவது. கூட்டம் கலைந்தபோது மிஸ் பெவர்லி கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். திரும்பி வரும்போது காருக்குள் நீ கேட்டாய்: "ஏன் அப்பா அவையோட போய் இருந்தனீங்கள்?" நான், "இடம் இருந்தது, இருந்தன்" என்றேன். நான் பதில் சொல்லாமல் நழுவியது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அடி விழுந்த கதைக்கு முன்னால் இன்னொரு கதை இருக்கிறது. பஸ்கள் நெரிசலில் பிந்தும்போது கண்ட்ரோல் ரூமிலிருந்து வானொலியில் கட்டளை வரும்: கடைசிவரை போகவேண்டாம், பாதியில் திருப்பு. நேரத்தைச் சரிக்கட்ட அதுதான் வழி. நான் பொத்தானை அழுத்துவேன். பதிவு செய்த பெண்குரல் ஒன்று, இந்தப் பேருந்தின் சேருமிடம் மாறிவிட்டது என்று மிகவும் மரியாதையாகச் சொல்லும். நம் கடைத்தெருவில் சனத்தை இறக்கிவிட்டு வெறும் பஸ்ஸைத் திருப்புவேன். இரவு வேலை முடிந்த தாதிமார், உருளைப் பையோடு சந்தைக்குப் போய் வந்த கிழவிகள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாரும் இறங்கி மலையைப் பார்ப்பார்கள். இரண்டு முனை உள்ள வழியில் எப்போதும் ஒரு முனைதான் குறுகியது. ஆஸ்பத்திரி முனையைக் குறுக்கினால் மின்னஞ்சல்கள் பறக்கும், ரெயில் நிலையத்துக்குப் போகாமல் திருப்பினால் அதைவிடக் கூடப் பறக்கும். மேட்டுச் சனம் எழுதினால் யாரும் திருப்பி எழுதுவதில்லை. யாரும் ஒருநாளும் 'கறுப்பர்' என்ற சொல்லை அந்த வானொலியில் சொன்னதில்லை. சொல்லத் தேவை இருக்கவில்லை. எனக்கும் அதில் ஒன்றும் பிழையாகத் தெரியவில்லை. ஷிப்ட் நேரத்துக்கு முடிந்தால் சந்தோஷமாக இருந்தது.

அப்படி நாள்முழுக்க பஸ்கள் திருப்பப்பட்ட ஒரு பின்னேரம்தான் என் பஸ்ஸுக்கு மேலே போக அனுமதி கிடைத்தது. கடைசித் தரிப்பில் நிறுத்திவிட்டுக் காலை நீட்ட இறங்கினேன். காத்திருந்தவர்களில் ஒரு இளைஞன் கத்திக்கொண்டு வந்தான். வேலைக்குப் பிந்திவிட்டான், அது முதல் தடவையும் இல்லை. நான், "எனக்குக் கத்தாதேயும், கண்ட்ரோலைக் கேளும்" என்றேன். குத்து நெற்றியில் விழுந்தது. அவனுடைய மோதிரம் கிழித்ததில் இரத்தம் கண்ணுக்குள் வழிந்தது. தரிப்பில் ஆட்கள் இருக்கும் வாங்கில் இருந்த மிஸ் பெவர்லி, அப்போது எனக்குப் பெயரும் தெரியாது, ஓடிவந்து என் தலையை மடியில் வைத்து, கோயிலுக்குப் போகும்போது தலையில் கட்டும் நல்ல துணியால் காயத்தை அழுத்திப் பிடித்தார். பிடித்துக்கொண்டே அவனைத் திட்டினார். அவனைத் திட்டி முடித்ததும் என்னைத் திட்டத் தொடங்கினார். "ஒவ்வொரு நாளும் எங்களைக் கீழ விட்டிட்டுப் போறீர். இண்டைக்கு வந்திட்டு இரத்தம் சிந்திறீர்" என்றார். அம்புலன்ஸ் வரும்வரை துணியையும் எடுக்கவில்லை, திட்டையும் நிறுத்தவில்லை. அடித்தது பிழை. இன்றைக்கும் பிழை. அவனுக்கு வேலையும் போய், சிறையும் கிடைத்தது. ஆனால் அந்தப் பெண் சொன்னதும் சரி. இந்த இரண்டையும் ஒரே தலையில் வைத்துக்கொள்ள எனக்குப் பல வருடம் பிடித்தது.

வீட்டுக்கு வந்து நான் எல்லாவற்றையும் சொன்னேன். அடித்தவனையும் சொன்னேன், துணியால் காயத்தை அழுத்தியவரையும் சொன்னேன். வீடு ஒன்றைத்தான் எடுத்து வைத்துக்கொண்டது. ஞானஸ்நானம், பிறந்தநாள், செத்தவீடு என்று எங்கே கூடினாலும் மாமாமார் அந்தக் கதையைக் கேட்பார்கள். "கறுவல் ஒருத்தன் அத்தானின்ர மண்டையை உடைச்சவன்" என்று தொடங்கி அங்கேயே முடிந்துவிடும். அந்தச் சொல்லை நம் வீட்டில் யாரும் கோபத்தில் சொன்னதில்லை. உப்பைக் கேட்பதுபோலச் சொன்னோம். அடுப்புச் சட்டி நிறத்தில் இருக்கும் நாங்கள், இன்னொருவனைப் பார்த்துக் கறுவல் என்கிறோம்; வெள்ளைக்காரன் கேட்டால் சிரித்திருப்பான். நீ அதைக் கேட்டுத்தான் வளர்ந்தாய். அந்த நாட்களுக்குப் பிறகு நீ பஸ்ஸில் மேல்தட்டுக்கு ஏறுவதை விட்டுவிட்டாய், சாரதிக்குப் பக்கத்திலேயே நிற்பாய் என்று அம்மா சொன்னார். என் மகன் என்மேல் வைத்த அன்பு அது. அந்த அன்புக்குள் ஒரு பயமும் வந்து குடியேறியதை நான் கண்டேன், ஆனால் அதைப் போக்க ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

குவாமேயை ஞாபகம் இருக்கிறதா? மேட்டு எஸ்டேட்டில் இருந்த கானாப் பெடியன், உன்னோடு படித்தவன். நம் வீட்டில் வந்து புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டுவிட்டு அம்மாவிடம் இரண்டாம் தரமும் கேட்டவன். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது டிக்கெட் பரிசோதகர்கள் பொலிஸோடு பஸ்ஸில் ஏறினார்கள். நீங்கள் இரண்டு பேரும் பயண அட்டையை வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தீர்கள். உன்னை எச்சரித்துப் போகச் சொன்னார்கள். அவனை இறக்கி, சுவரோடு நிறுத்தி, பையைக் கொட்டிப் பார்த்தார்கள். நீ மூச்சிரைக்க வீட்டுக்கு வந்து, "என்னை விட்டிட்டாங்கள், அப்பா" என்றாய். நான், "நல்ல காலம்" என்றேன். அவனுக்கு என்ன நடந்தது என்று கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவன் நம் வீட்டுக்கு வரவில்லை, நீயும் கூப்பிடவில்லை, மீன்குழம்பு மிஞ்சியது. மண்டபத்தில் எழுந்து உன்னிடம் கேள்வி கேட்டவர் அவனுடைய அம்மா. உனக்கு அடையாளம் தெரியவில்லை என்று நினைக்கிறேன். தெரிந்தும் தெரியாததுபோல நின்றிருந்தால், அதை நான் கேட்க விரும்பவில்லை.

என்னை அதிகம் வாட்டுவது வேறு. நீ ஒன்றும் தெரியாதவன் இல்லை. இந்த அலுவலகத்துக்கு மாறுவதற்கு முன், நீ கண்ட்ரோல் ரூமில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், நம் குசினி மேசையில் இடியப்பத் தட்டுக்கு முன்னால் இருந்து எனக்கு இதையெல்லாம் விளக்கியவன் நீதான். "பஸ் வராட்டில் சனம் நிக்காது, அப்பா. சனம் நிக்காட்டில் நம்பர் விழும். நம்பர் விழுந்தால் சனம் இல்லை எண்டு ரூட்டை வெட்டுவினம். நாங்களே வெறுமையாக்கிப்போட்டு வெறுமையா இருக்குது எண்டு சொல்லுறம்" என்றாய். அன்று உனக்கு வந்த கோபத்தில் இடியப்பம் ஆறிப்போனது. அத்தனை வருடம் பஸ் ஓட்டியும் எனக்கு அது அப்படி விளங்கியிருக்கவில்லை. நான் என் பஸ்ஸை மட்டும் பார்த்தேன், நீ முழு வழியையும் பார்த்தாய். அம்மாவிடம் போய், பெடியன் நல்லாய்ப் படிச்சிருக்கிறான் என்று சொன்னேன். அதே பெடியன் இப்போது அதே வெறுமையைத் திரையில் போட்டுக் காட்டுகிறான். இடையில் என்ன நடந்தது என்று நான் யோசித்துப் பார்க்கிறேன். வீட்டுக் கடன், பதவி, கலியாணம், மேலதிகாரியின் முகம். எல்லாம் விளங்குகிறது. விளங்குவதால் நெஞ்சு ஆறவில்லை.

இந்த பஸ் வேலைக்குள் நான் எப்படி வந்தேன் என்பதையும் நீ அறியவேண்டும். மன்னாரிலிருந்து வந்து, கடையில் பெட்டி தூக்கி, பெற்றோல் நிலையத்தில் இரவு விழித்து, கடைசியில் டிப்போவில் சீருடை போட்டபோது என்னை யாரும் வாசலில் மறிக்கவில்லை. அந்த வாசலை எனக்கு முன்னால் தள்ளித் திறந்தவர்கள் கரீபியன் தீவுகளிலிருந்து வந்தவர்கள். மிஸ் பெவர்லியின் அப்பா இந்த நகரத்தில் பஸ் கண்டக்டராக இருந்தவர். சிலர் அவருடைய கையில் படாமல் இருக்கச் சில்லறையை இருக்கையில் போடுவார்களாம். அவர் குனிந்து பொறுக்கி எடுத்து நன்றி சொல்வாராம். அவர் பஸ் வேலை செய்து வளர்த்த மகளுக்கு இன்று பஸ் இல்லை. நீயும் நானும் அவர்கள் திறந்த வாசலால் உள்ளே வந்துவிட்டு அவர்களுக்கே கதவைச் சாத்துகிறோம் என்று எனக்குப் படுகிறது. நாமும் பஸ்ஸிலிருந்து இறக்கிவிடப்பட்ட சனம்தான், ராசா. ஊரில் யுத்த நாட்களில் சோதனைச் சாவடியில் இறக்குவார்கள். கிழவன், கிழவி, கைக்குழந்தை, கட்டு, பை எல்லாவற்றோடும் வெயிலில் நடந்து மறுபக்கம் ஏறவேண்டும். பஸ் எதுவரை வரலாம் என்று எங்கேயோ ஒரு மேசையில் யாரோ முடிவெடுத்திருந்தான். அந்த மேசையில் இருப்பவனுக்கு எங்கள் முகம் தெரியாது என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

ஓய்வு பெற்ற பிறகு நான் பயணியாகிவிட்டேன். கண் மங்கியதும் கார் ஓட்டுவதையும் விட்டேன். கண் ஆஸ்பத்திரிக்குப் போகும் நாட்களில் அதே பஸ்ஸில் மிஸ் பெவர்லியைச் சந்திப்பேன். அவருக்கு முழங்கால், எனக்குக் கண். அவர் அந்த ஆஸ்பத்திரியிலேயே வார்டில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். தழும்பைப் பார்த்து, "எங்கட ஆஸ்பத்திரித் தையல் சரியில்லை" என்று பகிடி விடுவார். ஆனால் அவர் சொல்லும் கதைகளில் பகிடி இல்லை. மேட்டிலிருந்து விடியற்காலை வேலைக்குப் போகும் பெண்கள் வேலையை விட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒரு தாய் பிள்ளையைப் பள்ளிக்கூடம் மாற்றிவிட்டார். வயதானவர்கள் டொக்டரிடம் போவதைத் தள்ளிப்போடுகிறார்கள். ஞாயிறு பூசைக்கு வரும் தலைகள் குறைந்துவிட்டன; நம் பாதர் அதை விசுவாசக் குறைவு என்று பிரசங்கத்தில் சொன்னார். விசுவாசம் குறையவில்லை, பஸ்தான் குறைந்தது. இவையெல்லாம் உன் திரையில் வெறும் இருக்கைகளாகத் தெரிகின்றன.

போன புதன்கிழமை அந்தத் தனி அட்டையை எடுத்துக்கொண்டு நான் மட்டும் புறப்பட்டேன். நல்ல சேட்டுப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். கடைத்தெருவுக்கு வந்ததும் அந்தப் பெண்குரல் பேசியது. சேருமிடம் மாறிவிட்டது. என் வாழ்நாளில் எத்தனை பேருக்கு அந்தப் பொத்தானை அழுத்தியிருப்பேனோ, அன்று அது எனக்காகவே பேசியது. சாரதி நம் தமிழ்ப் பெடியன். "சொறி அங்கிள், கண்ட்ரோல் திருப்பச் சொல்லிட்டாங்கள்" என்றான். நானும் இதே வசனத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இறங்கி நடந்தேன். சாரதி ஆசனத்திலிருந்து பார்த்தால் அந்த மலை ஒரு கியர் மாற்றம்தான். காலால் ஏறும்போது வழியில் இருந்த மதில்களை எல்லாம் பிடித்து நின்றேன். எனக்கு முன்னால் ஒரு பெண், கைக்குழந்தையை வைத்த வண்டிலைத் தள்ளிக்கொண்டு ஏறினாள். நடுவில் நின்று பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வெறும் வண்டிலைத் தள்ளினாள். அவளுக்கு உதவக்கூட என்னிடம் மூச்சு இருக்கவில்லை.

கதவைத் திறந்த மிஸ் பெவர்லி என்னை மேலும் கீழும் பார்த்தார். "நடந்தோ வந்தனீர்?" என்றார். "பஸ் கீழயே நிண்டிட்டுது" என்றேன். "ஓம். நிக்கும்" என்றார். இருக்கச் சொல்லி, இஞ்சி போட்ட குடிபானம் தந்தார். மகனுக்குக் கலியாணம் என்று சொல்லி அட்டையை நீட்டினேன். வாங்கி மேசையில் வைத்தார், பிரிக்கவில்லை. "அண்டைக்கு மண்டபத்தில நான் எழும்பியிருக்க வேணும்" என்றேன். பரவாயில்லை என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன் போலும். அவர், "ஓம். எழும்பியிருக்க வேணும்" என்றார். நான் குடிபானத்தைக் குடித்து முடித்தேன். யன்னலுக்கு வெளியே அந்தக் கடைசித் தரிப்பு தெரிந்தது. வாங்கில் யாரும் இல்லை.

பிறகு அவர் அட்டையைப் பிரித்து, கண்ணாடி போட்டு, உன் பெயரையும் மருமகளின் பெயரையும் மெதுவாக வாசித்தார். திருப்பி உறைக்குள் போட்டு என்னிடமே நீட்டினார். "உங்கட ஆக்களின்ர முறை எனக்குத் தெரியும்" என்றார். "என்ர வார்டில வேலை செய்த தமிழ்ப் பிள்ளையளின்ர கலியாணங்களுக்கு மாப்பிள்ளைமார் இஞ்ச வந்து வாசல்ல நிண்டு சொன்னவை. அப்பிடிச் சொன்னால்தானே நீங்கள் கணக்கில எடுப்பியள்? நீர் மாப்பிள்ளை இல்லை. உம்மட மகன் வந்து சொல்லட்டும். நான் வீட்டிலதான் இருப்பன். பஸ் இல்லாமல் எங்க போறது?" கோபமாகச் சொல்லவில்லை, மகன். கதவுவரை வந்து, படியில் என் கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

உன் கலியாணத்துக்கு நான் சொல்லக்கூடிய புத்திமதி அதிகம் இல்லை. நீயும் உன் மனைவியும் உங்கள் வீட்டில் அந்தக் 'கறுவல்' என்ற சொல்லை வைத்திருக்காதீர்கள்; பிள்ளைகள் கேட்டுப் பழகிவிடுவார்கள். இன்னொருவனுடைய காயத்தை எடுத்துப் பேச முன்னர் அவனிடம் ஒரு தரம் கேள், அது அப்பனுடையதாக இருந்தாலும். இந்தத் திட்டத்துக்கு நீ எழுதும் அறிக்கையில் என்னை அடித்ததைச் சொல்லும் வசனத்தை எடுத்துவிடு. நீ எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், முடிவுக்கு முன்னர் வைக்கப்போகும் அடுத்த கூட்டத்தில் நான் எழும்புவேன். உனக்கு வெட்கமாக இருக்கும், எனக்கும் இருக்கும். அதனால் பஸ் மேட்டுக்கு ஏறிவிடும் என்று நான் நம்பவில்லை. வெட்ட நினைத்ததை வெட்டிவிடுவார்கள், ஒரு கிழவனின் பேச்சைக் கேட்டுத் திருத்தமாட்டார்கள். நீ உள்ளே இருக்கிறாய், உன் பேச்சுக்கு என்ன மதிப்பு என்பது உனக்குத்தான் தெரியும். குசினி மேசையில் எனக்குச் சொன்னதை உன் அலுவலக மேசையிலும் ஒருமுறை சொல்லிப் பார்.

அட்டை திரும்பவும் என் கோட்டுப் பைக்குள் இருக்கிறது. இந்த இதழ் வந்ததும் வரும் சனிக்கிழமை சொல்லவேண்டிய வீடு அது ஒன்றுதான் மிச்சம். அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு என்றாலும். நீ நல்ல சேட்டுப் போட்டுக்கொண்டு வா. கார்ச் சாவியை மேசையில் வைத்துவிட்டு வா. பஸ் எங்கே நிற்கிறதோ, அங்கிருந்து நடப்போம்.

அப்பா